டெஸ்ஸைக் கொன்றது விதியா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "தாமஸ் ஹார்டியின் டெஸ் நாவலை இப்போதுதான் படித்து முடித்தேன். தற்செயலாக நடப்பவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து அவளை அழிக்கின்றன. அவள் பட்டதையெல்லாம் விதி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டுமா? அவள் ஏன் எதிர்த்துப் போராடவே இல்லை? அம்மா சொன்னபடி கல்யாண ராத்திரியில் பழைய கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா?"

முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நாவலில் டெஸ்ஸின் மேல் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு மனிதரின் முடிவு இருக்கிறது. பெரும்பாலும் ஒரு பணக்கணக்கும் இருக்கிறது. அவள் போராடவில்லை என்பதும் சரியில்லை. பக்கத்துக்குப் பக்கம் மறுக்கிறாள், விலகுகிறாள், நடந்தே வேறு ஊருக்குப் போகிறாள், வேலை தேடுகிறாள். அவள் தோற்பது வேறு விஷயம்.

விதி என்ற எண்ணம் ஏன் வருகிறது என்பது புரிகிறது. கதையின் தொடக்கத்திலேயே, இருட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது, தம்பி ஆபிரகாம் வானத்தைப் பார்த்து நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்கிறான். அவை மரத்திலிருக்கும் ஆப்பிள்கள் மாதிரி, பெரும்பாலானவை நல்லவை, சில சொத்தை என்கிறாள் டெஸ். நாம் இருப்பது எதில் என்று கேட்டால், சொத்தையில் என்கிறாள். கடைசிப் பத்தியில் தேவர்களின் தலைவன் டெஸ்ஸுடன் ஆடிய விளையாட்டை முடித்துக்கொண்டான் என்று வேறு எழுதிவிட்டார் ஹார்டி. முதலிலும் முடிவிலும் இப்படி இருந்தால் வாசகர் விதி என்று நினைக்கத்தான் செய்வார்.

ஆனால் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. காட்டில் அவளுக்குப் பாலியல் கொடுமை நடந்த இரவோடு நாவலின் முதல் பகுதி முடிகிறது. அங்கே ஹார்டி சொல்வதைக் கவனியுங்கள். இது நடக்க வேண்டும் என்று இருந்தது, நடந்தது என்பது டெஸ்ஸின் ஊர்க்காரர்கள் தங்களுக்குள் சலிக்காமல் சொல்லிக்கொள்கிற பேச்சு, பரிதாபமே அதில்தான் இருக்கிறது என்கிறார். அதாவது, விதி என்பது அந்த மக்களுக்குப் பழகிப்போன பேச்சு. அந்தப் பழக்கத்துக்காக அவர் வருந்துகிறார். நாவல் முழுவதையும் இந்த இடத்திலிருந்து படித்தால் எல்லாம் வேறு மாதிரி தெரியும்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் மார்லட் என்ற கிராமம். ஜான் டர்பிஃபீல்ட் ஏழை, குடிகாரர். அவருடைய குடும்பம் டர்பர்வில் என்ற பழைய பிரபு வம்சம் என்று ஒரு பாதிரியார் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். மூத்த மகள் டெஸ், அதே பெயர் கொண்ட பணக்கார வீட்டுக்கு 'உறவு' சொல்லிக்கொண்டு வேலைக்கு அனுப்பப்படுகிறாள். உண்மையில் அந்த வீட்டுக்காரர்கள் ஸ்டோக் என்ற வியாபாரக் குடும்பம். மதிப்புக்காக அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள். அந்த வீட்டு மகன் ஏலெக் அவளைக் கெடுக்கிறான். குழந்தை பிறந்து இறக்கிறது. பிறகு ஒரு பால்பண்ணையில் வேலை செய்யும்போது ஏஞ்சல் கிளேர் என்ற பாதிரியார் மகனைக் காதலித்து மணக்கிறாள். முதலிரவில் உண்மையைச் சொல்கிறாள். அவன் விட்டுவிட்டுப் போகிறான். வறுமையில் மறுபடி ஏலெக்கிடமே போய்ச் சேர்கிறாள். கணவன் திரும்பி வந்ததும் ஏலெக்கைக் கொல்கிறாள். தூக்கிலிடப்படுகிறாள்.

இப்போது குதிரையிலிருந்து ஆரம்பிப்போம். குடும்பத்தின் ஒரே சொத்து பிரின்ஸ் என்ற கிழட்டுக் குதிரை. தேன்கூட்டுப் பெட்டிகளைக் காஸ்டர்பிரிட்ஜ் சந்தைக்கு விடிவதற்குள் கொண்டுபோக வேண்டும். அப்பா குடித்துவிட்டுக் கிடக்கிறார், எழுந்திருக்க முடியவில்லை. நடுராத்திரியில் டெஸ்ஸும் சின்னத் தம்பியும் கிளம்புகிறார்கள். அவள் கண்ணயர்ந்துவிடுகிறாள். எதிரே வந்த தபால் வண்டியின் கூர்மையான ஏர்க்கால் குதிரையின் மார்பில் பாய்கிறது. ரத்தம் பீறிடும் ஓட்டையைக் கையால் அடைக்கப் பார்க்கிறாள் அந்தப் பெண். விபத்துதான், சரி. ஆனால் அந்த நேரத்தில் அந்த வண்டியில் அவள் ஏன் இருந்தாள்? வீட்டில் யாரும் அவளைக் குறை சொல்வதில்லை. அவளாகவே தன்னை ஒரு கொலைகாரியைப் போல நினைத்துக்கொள்கிறாள். அந்தக் குற்ற உணர்ச்சிதான் அவளை, அந்தப் பணக்கார வீடு இருக்கும் டிரான்ட்ரிட்ஜுக்குப் போக ஒப்புக்கொள்ள வைக்கிறது. அம்மா ஜோன் தலை குளிப்பாட்டி, வெள்ளைக் கவுனை மாட்டி அனுப்புகிறாள். பணக்கார மாப்பிள்ளை கிடைக்கலாம் என்ற ஆசை அந்த அலங்காரத்தில் வெளிப்படையாகவே தெரிகிறது.

பலர் கவனிக்காமல் கடந்துபோகிற ஒரு விவரம் காட்டு இரவு அத்தியாயத்தில் இருக்கிறது. பனிமூட்டத்தில் வழி தவறியதாகச் சொல்லி ஏலெக் அவளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக்கொண்டிருக்கிறான். பேச்சோடு பேச்சாக, உன் அப்பாவுக்கு இன்று ஒரு புதுக் குதிரை கிடைத்திருக்கிறது, குழந்தைகளுக்குப் பொம்மைகள் போயிருக்கின்றன என்கிறான். அவன்தான் அனுப்பியிருக்கிறான். நன்றி சொல்லாமலும் இருக்க முடியாது, சொன்னால் கட்டுப்பட்டது போல ஆகும். இதெல்லாம் வேண்டாமே என்ற பொருளில் ஏதோ சொல்லி அழ ஆரம்பிக்கிறாள். அவள் குடும்பம் இழந்த குதிரையின் இடத்தில் அவன் ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறான், அதே இரவில். இதில் எங்கே இருக்கிறது விதி? கடனைக் காட்டி ஒரு பெண்ணை மடக்குகிற மிகப் பழைய முறை இது. அவள் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது என்பதும் நாவலில் தெளிவாக இருக்கிறது. புத்தகத்தின் முந்தைய வடிவம் ஒன்றில் அவன் மருந்துக்கடைப் புட்டி ஒன்றிலிருந்து எதையோ குடிக்கக் கொடுப்பதாகக்கூட ஹார்டி எழுதியிருந்தார், பிறகு எடுத்துவிட்டார். எடுத்தாலும், பின்னால் அறுவடை வயலில் ஒரு பெண், அந்தக் காட்டில் ஒரு ராத்திரி விம்மல் சத்தம் கேட்டவர்கள் உண்டு என்று சொல்வது நாவலில் இருக்கிறது. நடந்தது வன்முறை என்றுதான் நான் படிக்கிறேன்.

அதற்கப்புறம் அவள் செய்வதைப் பாருங்கள். சில வாரங்களில் கனமான கூடையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடக்கிறாள். ஏலெக் வண்டியில் துரத்தி வந்து பணம் தருவதாகச் சொல்கிறான், நல்ல துணிமணி வாங்கித் தருகிறேன் என்கிறான். இனி எதுவும் வாங்க மாட்டேன், வாங்கிக்கொண்டே இருந்தால் உன் ஏவலுக்கு ஆடுகிறவளாக ஆகிவிடுவேன் என்று மறுக்கிறாள். உன்னைக் காதலிக்கிறேன் என்று ஒரு பொய் சொன்னால் தனக்கு நல்லது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பொய்யையும் சொல்ல மறுக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்கிறாள்: ஆண்களிடம் ஆபத்து இருக்கிறது என்று ஏன் சொல்லவில்லை? பணக்கார வீட்டுப் பெண்கள் நாவல் படித்தாவது இந்தத் தந்திரங்களைத் தெரிந்துகொள்கிறார்கள், எனக்கு அந்த வழியும் இல்லையே! பயமுறுத்தினால் நீ அவனிடம் கெடுபிடியாக இருந்து வாய்ப்பை இழந்துவிடுவாயோ என்று நினைத்தேன் என்கிறாள் ஜோன். எல்லாம் இயற்கை, ஆண்டவன் சித்தம் என்று முடிக்கிறாள். 'விதி' என்ற பேச்சு முதலில் யாருக்கு வசதியாக இருக்கிறது என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

குழந்தையின் மரணம்தான் முழு நாவலிலும் என்னால் வேகமாகப் படிக்க முடியாத அத்தியாயம். குழந்தை சாகக் கிடக்கிறது, இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் செத்தால் நரகம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாதிரியாரை அழைக்க அப்பா விடவில்லை. சாராயக் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறார், குடும்ப மானம் உறைக்கிறது, கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். நடுராத்திரியில் டெஸ் தம்பி தங்கைகளை எழுப்பி மண்டியிட வைக்கிறாள். முகம் கழுவும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, பிரார்த்தனைப் புத்தகத்தைத் தங்கையைப் பிடிக்கச் சொல்லி, தானே சடங்கைச் செய்கிறாள். குழந்தைக்கு 'சாரோ', அதாவது துயரம், என்று பெயர் வைக்கிறாள். விடிகிற நேரத்தில் குழந்தை போய்விடுகிறது.

மறுநாள் பாதிரியாரிடம் போய், நான் செய்தது செல்லுமா என்று கேட்கிறாள். அவர் கொஞ்சம் தடுமாறி, குழந்தையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான் என்கிறார். அப்படியானால் முறைப்படி அடக்கம் செய்வீர்களா? அது முடியாது. அங்கே அவள் வெடிக்கிறாள்: அப்படியென்றால் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை, இனி உங்கள் கோவிலுக்கு வரவே மாட்டேன்! போராடவில்லை என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். ஞானஸ்நானம் இல்லாத சிசுக்களையும், பேர்போன குடிகாரர்களையும், தற்கொலை செய்துகொண்டவர்களையும் புதைக்கிற, செந்தட்டி முளைத்த மூலையில் குழந்தையைப் புதைக்கிறார்கள். யாரும் பார்க்காத ஒரு மாலையில் போய், இரண்டு குச்சிகளால் சிலுவை செய்து நட்டு, காலி மார்மலேட் ஜாடியில் பூ வைக்கிறாள்.

இந்தக் காட்சியை அன்றைய பத்திரிகை வாசகர்கள் நாவலில் பார்க்கவே இல்லை. 1891இல் இது 'தி கிராஃபிக்' என்ற வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது, குழந்தையும் இல்லை, காட்டு இரவும் இல்லை. அதற்குப் பதிலாக ஏலெக் ஒரு போலிக் கல்யாணம் செய்து ஏமாற்றுவதாக மாற்றி எழுதினார் ஹார்டி. அதற்கு முன்பே வேறு இதழ்கள் நாவலைத் திருப்பி அனுப்பியிருந்தன. வெட்டி எடுத்த இரண்டு பகுதிகளையும் வேறு இதழ்களில் தனித்தனிக் கதைகளாகப் போட்டு, அதே ஆண்டின் இறுதியில் மூன்று தொகுதிப் புத்தகமாக வந்தபோது திரும்பச் சேர்த்தார். வெள்ளத்தில் நிற்கும் பால்காரப் பெண்களை ஏஞ்சல் கைகளில் தூக்கிச் சாலையைக் கடக்க வைக்கும் காட்சியைக்கூடப் பத்திரிகை ஏற்கவில்லை. தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதாக மாற்றச் சொன்னார்கள். தூய்மையான ஒரு பெண் என்ற துணைத்தலைப்பை ஹார்டி கடைசி நேரத்தில் சேர்த்தார். அந்தத் துணைத்தலைப்புக்குத்தான் அதிகமாகத் திட்டு வாங்கினார். டெஸ்ஸை எந்தச் சமூகம் தண்டித்ததோ அதே சமூகம்தான் அவள் கதையையும் தணிக்கை செய்தது.

டால்போத்தேஸ் பால்பண்ணைப் பகுதி அழகானது. எல்லோருக்கும் பிடித்தது. அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் நேராகக் கல்யாணத்துக்குப் போகிறேன்.

டிசம்பர் 31 கல்யாணம். அதற்கு முன்பு எத்தனையோ தடவை ஏஞ்சலை மறுத்திருக்கிறாள். சொல்ல முயன்றிருக்கிறாள். கடிதம் எழுதி அவன் அறைக் கதவின் கீழே தள்ளியிருக்கிறாள், அது தரை விரிப்புக்கு அடியில் போய்விட்டது. கல்யாணத்தன்று காலையில்கூடப் பேச வாயெடுத்தாள். குறைகளை எல்லாம் பிறகு சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம் என்று அவன்தான் தள்ளிப்போட்டான். அன்று இரவு, வெல்பிரிட்ஜ் வீட்டுக் கணப்படுப்பின் முன்னால், முதலில் அவன் சொல்கிறான். லண்டனில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்தேன், மன்னித்துவிடு என்கிறான். அவள் உடனே மன்னிக்கிறாள். சந்தோஷமாகக்கூட இருக்கிறது அவளுக்கு, ஏனென்றால் இனித் தன் கதையைச் சொல்லலாம், அதுவும் இதே மாதிரிதானே. சொல்லி முடிக்கிறாள். அவன் கணப்படுப்பின் தணலைக் கிளறிவிடுகிறான். அவனுக்கு அப்போது செய்யத் தோன்றியது அதுதான். மன்னிப்பு இந்த விஷயத்துக்குப் பொருந்தாது என்கிறான். நான் காதலித்தது உன்னை இல்லை, உன் உருவத்தில் இருந்த இன்னொருத்தியை என்கிறான்.

இந்தக் காட்சியில் தற்செயல் எங்கே? ஒரே அறை, ஒரே இரவு, இரண்டு பேர், இரண்டு வாக்குமூலம். அவன் விரும்பிச் செய்ததற்கு மன்னிப்பு உண்டு. அவளுக்கு நேர்ந்ததற்கு இல்லை. அன்றைய சட்டமும் இப்படித்தான் இருந்தது. 1857ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி மனைவி தவறு செய்தாள் என்பது மட்டும் போதும், கணவன் விவாகரத்துக் கேட்கலாம். மனைவி கேட்க வேண்டுமென்றால் கணவனின் தவறோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்தில் இது 1923 வரை மாறவில்லை. ஏஞ்சல் கடவுள் நம்பிக்கையைக் கேள்வி கேட்டவன், பழைய வழக்கங்களை வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டவன். ஆனால் பரீட்சை வந்தபோது அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் மனசுதான் அவனுக்குள்ளும் இருந்தது என்று தெரிந்துபோனது.

டெஸ்ஸுக்கு அதிகத் தீங்கு செய்தது யார் என்று கேட்டால் ஏலெக் என்று சொல்லத்தான் எல்லோருக்கும் வாய் வரும். நான் ஏஞ்சலைச் சொல்வேன். ஏலெக் அவள் உடம்பையும் வாழ்க்கையையும் நாசம் செய்தான், ஆனால் அவனை அவள் ஒருபோதும் மதிக்கவில்லை. அதனால் அவன் அவளைப் பற்றி என்ன நினைத்தாலும் அது அவளைத் தொடவில்லை. ஏஞ்சல் சொன்னதை அவள் நம்பினாள். தான் உண்மையிலேயே தகுதியற்றவள் என்று ஏற்றுக்கொண்டாள். அடுத்த நாள் அவனிடம், என் பெட்டிக் கயிற்றால் தூக்கு மாட்டிக்கொள்ள நினைத்தேன், உங்கள் பெயர் கெட்டுவிடுமே என்று விட்டுவிட்டேன் என்கிறாள். விவாகரத்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன் என்று அவனுக்காக வழி வேறு சொல்கிறாள். சட்டம் தெரியாதவள், இதற்கெல்லாம் விவாகரத்து கிடைக்காது என்று அவன் விளக்குகிறான். தண்டனை கொடுத்தவனோடு சேர்ந்து தண்டிக்கப்பட்டவளும் தீர்ப்பை ஒப்புக்கொள்வதுதான் அவளுடைய துன்பங்களில் மிகப் பெரியது என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அவன் பிரேசிலுக்குப் போகிறான். போகும்போது 50 பவுண்டு கொடுக்கிறான். அதில் பாதியை அவள் பிறந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறாள். பிறகு அவனுடைய வங்கியிலிருந்து 30 பவுண்டு வருகிறது. கூரை பழுது என்று அம்மா எழுதியதும் அதில் 20 பவுண்டு அங்கே போகிறது. இந்தத் தொகைகளை ஹார்டி சும்மா எழுதவில்லை. ஒவ்வொரு பவுண்டாகக் கரைவதைக் காட்டித்தான் அவளை ஃபிளின்ட்கோம் ஆஷ் என்ற வறண்ட மேட்டுநிலப் பண்ணைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்.

அங்கே போகும் வழியில், சாலையில் ஆண்கள் தொந்தரவு செய்யாமல் இருக்க, முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு கத்தரியால் தன் புருவங்களைத் தானே வெட்டிக்கொள்கிறாள். அதற்கு முந்தின இரவு ஒரு தோப்பில் சருகுக்குள் படுத்திருந்தாள். வேட்டைக்காரர்கள் சுட்டுவிட்டுப் போன காட்டுக்கோழிகள் மரங்களிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்து சாகிற சத்தம் இரவெல்லாம் கேட்கிறது. விடிந்ததும் இன்னும் உயிரோடு துடிப்பவற்றைத் தேடித் தேடிக் கழுத்தைத் திருகி வேதனையை முடித்துவைக்கிறாள். அழுதுகொண்டே, உங்களைப் பார்த்தபிறகும் உலகத்திலேயே நான்தான் பாவப்பட்டவள் என்று நினைத்தேனே என்கிறாள். துன்பப்படுகிறவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. துன்பப்படும்போதும் அடுத்த உயிரின் வலி கண்ணில் படுகிற ஒருத்தியை இவ்வளவு உண்மையாக எழுதியவர்கள் குறைவு.

ஃபிளின்ட்கோம் ஆஷில் நூறு ஏக்கருக்கும் மேலான ஒரே வயல். டர்னிப் வகைக் கிழங்கின் மேல்பாதியை ஆடுமாடு தின்றுவிட்டுப் போயிருக்கும். மண்ணுக்குள் இருக்கும் மீதியைக் கொக்கி போன்ற கருவியால் தோண்டி எடுக்க வேண்டும். மழை மேலிருந்து விழாமல் காற்றோடு பக்கவாட்டில் வந்து குத்துகிறது. தோழி மேரியனும் டெஸ்ஸும் அதில் நின்றபடி பால்பண்ணை நாட்களைப் பேசிக்கொள்கிறார்கள். ஏன் பெண்களை இந்த வேலைக்கு வைத்தார்கள்? ஆண்களுக்கு இணையாகவே செய்யக்கூடிய வேலை, கூலியோ குறைவு, அதனால் பண்ணைக்காரருக்கு லாபம். இதை ஹார்டி வெளிப்படையாகவே சொல்கிறார். அந்த மக்களின் வாழ்க்கை அவருக்குப் புத்தக அறிவு இல்லை. அதே டார்செட்டில் பிறந்து வளர்ந்தவர். நாவலுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1883இல், டார்செட் பண்ணைத் தொழிலாளர்களைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியவர்.

கணவனின் பெற்றோரிடம் உதவி கேட்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினைந்து மைல் நடந்து போகிறாள். ஊருக்கு வெளியே கனமான பூட்ஸைக் கழற்றி வேலிக்குள் மறைத்துவிட்டு நல்ல காலணி போட்டுக்கொள்கிறாள். அந்தப் பூட்ஸை ஏஞ்சலின் அண்ணன்மாரும், ஏஞ்சலுக்கு முன்பு பார்த்து வைத்திருந்த மெர்சி என்ற பெண்ணும் கண்டெடுக்கிறார்கள். ஏதோ நாடோடி போட்டுவிட்டுப் போனது, ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொண்டு போகிறார்கள். அண்ணன்மார் தம்பியின் கல்யாணத்தைப் பற்றி அலட்சியமாகப் பேசுவது அவள் காதில் விழுகிறது. மாமனார் மாமியாரைப் பார்க்காமலேயே திரும்பி நடக்கிறாள். உண்மையில் அந்தக் கிழவர் அவளை ஏற்றுக்கொண்டிருப்பார் என்று ஹார்டி சொல்கிறார், பாவிகளிடம் இரக்கம் உள்ளவர் அவர். இங்கே தற்செயல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஜோடி பூட்ஸ் தொலைந்தால் வாழ்க்கை தொலையும் நிலையில் அவளை நிறுத்தியது தற்செயல் இல்லை.

அப்புறம் ஏலெக் மறுபடி வருகிறான், இந்தமுறை மதப் பிரசங்கியாக. அவளைப் பார்த்ததும் பிரசங்கம் போய்விடுகிறது. கதிரடிக்கும் இயந்திரத்தின் மேல் காலையிலிருந்து நின்று கதிர்க்கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருக்கிறவளிடம் வந்து, உன் கணவன் ஒரு முட்டாள் என்கிற மாதிரி பேசுகிறான். கையிலிருந்த தோல் கையுறையால் அவன் வாயில் அடிக்கிறாள், ரத்தம் வருகிறது. என்னை அடி, நசுக்கு, நான் கத்த மாட்டேன், ஒருமுறை பலியானவள் எப்போதும் பலிதான், அதுதான் சட்டம் என்கிறாள். இதையும் விதியை ஏற்றுக்கொள்ளும் பேச்சாகப் படிக்கிறவர்கள் உண்டு. அவள் கையில் ரத்தம் பட்ட கையுறை இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அவளைக் கடைசியில் வீழ்த்துவது ஒரு குத்தகை. அவள் பிறந்த வீட்டை மூன்று பேரின் ஆயுட்காலத்துக்கு என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அப்பா ஜான்தான் மூன்றாவது ஆள். அவர் திடீரென்று இறந்ததும் வீட்டின் மேலிருந்த உரிமை முடிந்துவிடுகிறது. அந்த வீடு தன் கூலியாட்களுக்கு வேண்டும் என்கிறார் நிலக்காரர். வார வாடகைக்காவது இருக்க விட்டிருக்கலாம், ஆனால் டெஸ் திரும்பி வந்து அங்கே தங்கியிருப்பதைக் காட்டி, நடத்தை சரியில்லாத குடும்பம் என்று அதையும் மறுக்கிறார்கள். ஏப்ரல் மாதம் வீடு மாறும் நாளில் விதவைத் தாயும் குழந்தைகளும் தட்டுமுட்டுச் சாமான்களோடு கிங்ஸ்பியருக்குப் போகிறார்கள். பேசி வைத்திருந்த அறை வேறு ஆளுக்குப் போய்விட்டது. முன்னோர்களின் கல்லறைகள் இருக்கும் கோவில் சுவரோரம் கட்டிலைப் போட்டுக் குழந்தைகளைப் படுக்க வைக்கிறாள் ஜோன். உள்ளே போன டெஸ் வம்சக் கல்லறையின் கதவருகே குனிந்து, நான் ஏன் இந்தக் கதவின் தவறான பக்கத்தில் இருக்கிறேன் என்று கேட்கிறாள். ஏலெக் அங்கேயும் வந்து நிற்கிறான். தம்பி தங்கைகளுக்குப் பள்ளிக்கூடம், அம்மாவுக்கு வீடு, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான் அவன் பேச்சு. முதலில் குதிரை, இப்போது கூரை.

இதே நாட்களில்தான் அவள் ஏஞ்சலுக்கு அந்தக் கடைசிக் கடிதத்தை எழுதுகிறாள். என்னை ஏன் இவ்வளவு கொடூரமாக நடத்தினீர்கள், நான் இதற்குரியவள் இல்லை, உங்கள் கையால் எனக்குக் கிடைத்ததெல்லாம் அநியாயம் என்று எழுதுகிறாள். அநியாயம் என்று அவளே சொல்லிவிட்டபிறகு, நாம் விதி என்று சொல்வது அவள் பேச்சை மறுப்பது போல இருக்கிறது.

பிறகு நடப்பது தெரிந்ததுதான். பிரேசிலில் நோயில் கிடந்து மெலிந்து, கூட வந்த ஒருவர் நீ செய்தது தவறு என்று சொன்னதில் மனம் மாறி ஏஞ்சல் வருகிறான். சாண்ட்போர்ன் என்ற ஊரில் ஏலெக்கோடு தங்கியிருக்கும் விடுதியில், ரொம்பத் தாமதமாகிவிட்டது என்று அவனைத் திருப்பி அனுப்புகிறாள். கணவன் இனி வரவே மாட்டான் என்று ஏலெக் சொன்ன பொய்யைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கீழ்வீட்டு அம்மாள் மேலே பார்க்கும்போது கூரையில் சிவப்புக் கறை பரவுகிறது. காலியாகக் கிடந்த ஒரு மாளிகையில் சில நாட்கள் ஏஞ்சலோடு சந்தோஷமாக இருக்கிறாள். ஸ்டோன்ஹெஞ்ச் கற்களுக்கு நடுவே கைதாகிறாள். அங்கே அவள் சொல்வது: இது நடந்ததில் எனக்குக் கிட்டத்தட்ட சந்தோஷம், இந்த மகிழ்ச்சி நீடித்திருக்காது, நீங்கள் என்னை வெறுக்கிற நாள்வரை நான் இருக்கப் போவதில்லை. தூக்குமேடைக்குப் போகிறவளுக்கு, மரணத்தைவிடப் பெரிய பயம் அந்த முதலிரவு திரும்பி வருவதுதான்.

அந்த முடிவுக்குப் பின்னால் ஓர் உண்மைச் சம்பவமும் இருக்கிறது. 1856ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி டார்செஸ்டர் சிறைவாசலில் மார்த்தா பிரவுன் என்ற பெண்ணைப் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிட்டார்கள். அடித்துக் கொடுமைப்படுத்திய கணவனைக் கொன்றவள். கூட்டத்தில் பதினாறு வயது ஹார்டியும் நின்றுகொண்டிருந்தார். தூறல் மழையில் வானத்தின் பின்னணியில் தொங்கிய அந்த உருவத்தையும் கறுப்புப் பட்டுக் கவுனையும் பற்றி எண்பது வயதுக்கு மேல் ஆனபிறகும் எழுதினார். கண்ணெதிரே நீதிமன்றம் ஒரு பெண்ணைத் தூக்கிலிட்டதைப் பார்த்தவர், தேவர்களின் தலைவன் என்று எழுதும்போது வெறும் ஆகாயத்தைப் பார்த்து எழுதியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதே வாக்கியத்தில் 'நீதி' என்ற சொல்லை அவர் மேற்கோள்குறிக்குள்தான் போட்டிருக்கிறார். தேவர்களின் தலைவன் என்பதும் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் சொல் என்று அங்கேயே சொல்லிவிடுகிறார். டெஸ்ஸைத் தூக்கிலிட்டாயிற்று என்று காட்டும் கறுப்புக் கொடியை ஏற்றியது வின்டன்செஸ்டர் சிறைக்காரர்கள்.

கடைசியாக, சொல்லாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பாளா என்ற கேள்வி. ஜோனின் ஆலோசனை அன்றைய நிலையில் முட்டாள்தனமானது இல்லை. அந்த நாட்டின் எத்தனையோ பெண்கள் அப்படித்தான் வாழ்ந்திருப்பார்கள், அதை அந்தத் தாயே சொல்கிறாள். ஆனால் நாவல் அந்த வழியையும் அடைத்துவைத்திருக்கிறது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கடைவீதிக்குப் போனபோது சத்திரத்தில் ஒருவன் டெஸ்ஸை அடையாளம் கண்டுகொண்டு ஏதோ கேவலமாகச் சொல்கிறான். டிரான்ட்ரிட்ஜ் பக்கத்து ஆள். ஏஞ்சல் அவனை அடிக்க, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மழுப்பிவிட்டுப் போகிறான். பின்னால் ஃபிளின்ட்கோம் ஆஷில் அவளை வேலை வாங்குகிற முதலாளி குரோபி அந்த ஆள்தான். டெஸ் வாயை மூடியிருந்தாலும், இன்றில்லாவிட்டால் என்றோ ஒருநாள் ஒரு குரோபி வாயைத் திறந்திருப்பான். அப்போது மறைத்தவள் என்ற பழியும் சேர்ந்திருக்கும். தரை விரிப்புக்கு அடியில் போன கடிதம் கைக்குக் கிடைத்திருந்தாலும் ஏஞ்சல் அதே ஏஞ்சல்தான், கல்யாணத்துக்கு முன்பே போயிருப்பான், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் எப்போது சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று தேடுவதை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவன் என்ன செய்தான் என்று பாருங்கள். அந்த முதலிரவைச் சொல்லும் 35ஆம் அத்தியாயத்தையும், அவளுடைய கடைசிக் கடிதம் உள்ள 51ஆம் அத்தியாயத்தையும் அடுத்தடுத்து ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள், நான் சொல்வது ஏன் என்று தெரியும்.